மண்ணுக்குள்ளே யார் யார்?

பிள்ளைகளே! கோடையில் முதல் தூறல் விழுந்ததும் 'கம்'மென்று ஒரு வாசனை எழும்புமே, கவனித்திருக்கிறீர்களா? அதை மண்வாசனை என்கிறோம். அந்த வாசனையில் பெரும்பங்கு மண்ணுடையதே அல்ல! மண்ணுக்குள் வாழும் 'ஸ்ட்ரெப்டோமைசிஸ்' என்னும் பாக்டீரியாக்கள் 'ஜியோஸ்மின்' என்ற ஒரு பொருளை உண்டாக்குகின்றன. மழைத்துளி பட்டதும் அதுதான் காற்றில் கலந்து நம் மூக்குக்கு வருகிறது.

நான் வேலை பார்த்த காலத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கொரு பிடி மண் கொண்டுவரச் சொல்வேன். கொட்டாங்குச்சியில் போட்டு, தண்ணீர் தெளித்து, முகர்ந்து பார்ப்போம். மாந்தோப்பு மண் நன்றாக மணக்கும். விளையாட்டு மைதானத்து மண் அவ்வளவாக மணக்காது. "ஏன் சார்?" என்று ஒரு பையன் கேட்டான். "மண்ணுக்கு மண் வித்தியாசம் இருக்கும்டா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். உண்மையில் அன்று எனக்குப் பதில் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க நேரம் கிடைத்தது.

ஒரு கிராம் மண்ணில், அதாவது இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் அளவில், நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றைச் சோதனைச் சாலைத் தட்டில் வளர்க்க முடிவதில்லை. அதனால் விஞ்ஞானிகள் மண்ணிலிருந்து நேராக டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். வீட்டுக்குள் போகாமல், வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து ஆட்களைக் கணக்கெடுப்பது போல!

இப்போது ஒரு கேள்வி. அமேசான் மழைக்காடு, பாலைவனம் இரண்டில் எந்த மண்ணில் பாக்டீரியா வகைகள் அதிகம்?

"காடு" என்றுதானே சொன்னீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவைச் சேர்ந்த நோவா ஃபியரர், ராபர்ட் ஜாக்சன் என்ற இரு விஞ்ஞானிகள், வட அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் 98 இடங்களின் மண்ணை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பெரு நாட்டின் அமேசான் காட்டு மண்ணில்தான் வகைகள் மிகக் குறைவு! பாலைவன மண் அதை முந்திவிட்டது. வெயிலோ மழையோ இதற்கு முக்கியக் காரணமாகத் தெரியவில்லை. மண்ணின் புளிப்புதான் காரணம்.

மண்ணுக்குப் புளிப்பா என்று சிரிக்காதீர்கள். அறிவியல் பாடத்தில் 'பி.எச்.' அளவு படித்திருப்பீர்கள், அல்லது இனிமேல் படிப்பீர்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. அமேசானில் ஆண்டு முழுவதும் கொட்டும் மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டு போய்விடுகிறது. அதனால் மண் புளித்துவிடுகிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களின் உடம்புக்குள் பி.எச். நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியே கடும் புளிப்பு என்றால், அதைத் தாங்கவே சக்தியெல்லாம் செலவாகிவிடும். அதைத் தாங்கக்கூடிய வகைகளே அங்கே நிலைக்கின்றன.

"காட்டுக்கும் பாலைவனத்துக்கும் எத்தனையோ வித்தியாசம் இருக்கிறதே, புளிப்புதான் என்று எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்டால், உங்களுக்கு நூற்றுக்கு நூறு! இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஆராய்ச்சிப் பண்ணை 1843 முதல் நடந்து வருகிறது. அங்கே ஒரு வயலில் ரொம்ப காலத்துக்கு முன்பு சுண்ணாம்பை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் போட்டிருந்தார்கள. அதனால் ஒரே வயலில் ஒரு முனை நல்ல புளிப்பு, மறுமுனை லேசான காரம். அதே மழை, அதே வெயில். அந்த மண்ணை ஆராய்ந்தபோது, பி.எச். 4 உள்ள இடத்தைவிட 8 உள்ள இடத்தில் பாக்டீரியா வகைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தன. 2010இல் இது வெளியானது.

சரி, நிலத்தை மனிதர்கள் மாற்றினால் என்ன ஆகும்? மறுபடியும் அமேசானுக்கே போவோம். பிரேசில் நாட்டில் ரொண்டோனியா என்ற மாநிலத்தில் காட்டை வெட்டி, எரித்து, மாடுகளுக்கு மேய்ச்சல் நிலமாக்கியிருக்கிறார்கள். சாம்பல் விழுந்ததும் மண்ணின் புளிப்பு குறைகிறது. அப்படியானால் பாக்டீரியா வகைகள் கூட வேண்டும் அல்லவா? கூடத்தான் செய்தன! ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தால், காட்டைவிட மேய்ச்சல் நிலத்தில் வகைகள் அதிகம். "அப்படியென்றால் நல்லதுதானே" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்.

திருநெல்வேலிக்கு அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய், மணப்பாறைக்கு முறுக்கு. இந்த ஊர்களில் எல்லாம் ஒரே கம்பெனி கடை திறந்து, ஒரே மாதிரி இருபது பலகாரம் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்கடைகள் மூடிவிட்டன. ஒவ்வோர் ஊரிலும் இப்போது பலகார வகை அதிகம்தான். ஆனால் அல்வா போச்சு, பால்கோவா போச்சு! எந்த ஊருக்குப் போனாலும் அதே இருபதுதான்.

ரொண்டோனியாவில் நடந்ததும் இதுதான். காட்டில் இடத்துக்கு இடம் வேறு வேறு பாக்டீரியாக்கள் இருந்தன. மேய்ச்சல் நிலத்தில் எங்கே தோண்டினாலும் ஒரே மாதிரிக் கூட்டம். குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே வாழ்ந்த காட்டு வகைகள் காணாமல் போயிருந்தன. 2013இல் வெளியான ஆய்வு இது.

கண்ணுக்கே தெரியாத ஒன்று போனால் என்ன என்கிறீர்களா? 1943இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், தன் பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து 'ஸ்ட்ரெப்டோமைசின்' மருந்தைக் கண்டுபிடித்தார். காசநோய்க்குக் கிடைத்த முதல் ஆன்டிபயாடிக் மருந்து அதுதான். அந்த வகை மட்டும் அதற்கு முன்பே அழிந்து போயிருந்தால்? ரொண்டோனியாவில் காணாமல் போனவற்றில் என்ன இருந்தது என்று இனி யார் சொல்ல முடியும்?

அந்தப் பையனுக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். மைதானத்து மண் மிதிபட்டு மிதிபட்டு இறுகிவிடுகிறது. காற்றும் தண்ணீரும் உள்ளே போவதில்லை. மட்குவதற்கு இலை தழையும் இல்லை. சாப்பாடும் காற்றும் குறைந்த இடத்தில் பாக்டீரியாவும் குறையும். தோப்பில் ஆண்டு முழுக்க இலை உதிர்ந்து, விருந்துச் சாப்பாடு!

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய பருத்தி வேட்டியில் உள்ளங்கை அளவு இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் கலந்த துணி வேண்டாம், அதை பாக்டீரியா சீண்டாது. ஒன்றை மரத்தடியிலும் ஒன்றை மைதான ஓரத்திலும் அரையடி ஆழத்தில் புதைத்து, பக்கத்தில் குச்சி நட்டு வையுங்கள். மழை இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டி எடுத்து, எது அதிகமாக இற்றுப் போயிருக்கிறது என்று பாருங்கள். காலிலோ கையிலோ காயம் இருந்தால் தோண்டும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். 'டெட்டனஸ்' நோயைத் தரும் பாக்டீரியாவும் மண்ணில்தான் இருக்கிறது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குச்சி நட்ட இடத்தை நோட்டில் படம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் ஒருமுறை குச்சியை ஆடு பிடுங்கிப் போட்டு, மூன்று நாள் தேடினோம்!