ரோமாபுரிக்கு வெள்ளகோவில் வழி!

லீவு விட்டாச்சு. வாட்ஸப் குரூப்ல முதல் மெசேஜ் என்னவா இருக்கும்? ‘மச்சி, எங்கடா டூர்?’

அடுத்த அரை மணி நேரத்துல ஊட்டி, கொடைக்கானல், கோவானு ஆரம்பிச்சு பாரிஸ், ரோம், வெனிஸ் வரைக்கும் பிளான் பறக்கும். கடைசியில பட்ஜெட்னு ஒருத்தன் கேட்பான். குரூப்பே ‘சீன்’ பண்ணிட்டு அமைதியாகிடும்!

மூலனூர்ல ஒரு கேங் இருக்கு. நாலு பேர். ஹிஸ்டரி, பி.காம்., மெக்கானிக்கல், டெக்ஸ்டைல்னு ஆளுக்கொரு படிப்பு. ஊர்ல முருங்கையும் பருத்தி ஏலமும் ஃபேமஸ். மே மாசம்னா வெயிலும் ஃபேமஸ். அந்த வெயில்ல, “ரோம் பார்க்கப் போறோம், வர்றீங்களா?”னு போன் பண்ணாங்க. பாஸ்போர்ட் வேணாமாம். ரெண்டு பைக், ஃபுல் டேங்க் பெட்ரோல், அவ்வளவுதான். ரூட்? மூலனூர் - வெள்ளகோவில் - காங்கயம் - சிவன்மலை - படியூர் - கொடுமணல்.

“கலாய்க்கிறீங்களா?”னு கேட்டா, ஹிஸ்டரி பார்ட்டி சீரியஸா ஆரம்பிச்சுட்டாரு. கேட்டுப் பாருங்க, நீங்களும் கிளம்பிடுவீங்க.

<b>சீஸர் ஊர் காசு, நம்ம ஊர் கல்லு</b>

ரோம்ல கொலோசியம் திறந்தது கி.பி. 80-ல. அந்தச் சமயத்துல நம்ம நொய்யல் கரையில கொடுமணல் கிராமத்துல பட்டறைகள் பிஸியா ஓடிக்கிட்டு இருந்துச்சு. குவார்ட்ஸ், பெரில், நீலக்கல், அகேட், கார்னீலியன்னு வகை வகையான கல்லை உடைச்சு, தேய்ச்சு, பாலிஷ் போட்டு, நடுவுல துளை போட்டு மணியாக்குற வேலை. இன்னொரு பக்கம் இரும்பு உருக்குற உலை. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ல இங்கே தோண்ட ஆரம்பிச்சதுல இருந்து மணிகளும், தமிழ்-பிராமி எழுத்துல பேர் கீறின பானை ஓடுகளும் வந்துக்கிட்டே இருக்கு. பதிற்றுப்பத்துல வர்ற ‘கொடுமணம்’ இதுதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

இதுல செம மேட்டர் என்னன்னா, முழுசா முடிஞ்ச மணி மட்டும் கிடைக்கலை. பாதி உடைச்ச கல்லு, தேய்ச்சும் துளை போடாத மணி, துளை போடும்போது உடைஞ்ச மணினு எல்லா ஸ்டேஜும் கிடைச்சிருக்கு. அதை வச்சுத்தான் இது வெறும் சந்தை இல்லை, தயாரிப்பு நடந்த இடம்னு முடிவு பண்ணாங்க. டெக்ஸ்டைல் நண்பர் உடனே சொன்ன கமென்ட்: “அப்போ கட்டிங், பவர் டேபிள், கைமடி, செக்கிங் எல்லாம் அன்னைக்கே இருந்திருக்குங்க. டேமேஜ் பீஸ் உட்பட!”

பக்கத்துலயே படியூர். காங்கயத்துல இருந்து திருப்பூர் போற ரோட்டுல, நாம பஸ்ல தூங்கிக்கிட்டே தாண்டிப் போற ஊர். கடல் தண்ணி நிறத்துல மின்னுற பெரில் கல் கிடைச்ச இடம் அது. 1819-20லகூட ஒரு வெள்ளைக்காரர் அங்கே கல் தோண்டி எடுத்திருக்காரு. ரோம் எழுத்தாளர் பிளினி, பெரில்னா அது இந்தியாவுல இருந்து வர்றதுதான், அதுலயும் கடல் பச்சையில இருக்கிறதுதான் உசத்தினு எழுதி வச்சிருக்காரு. அதே மனுஷன், வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்கே போய்ச் சேருதேனு புலம்பவும் செஞ்சிருக்காரு. மிளகு, துணி, கல்லுனு வாங்கித் தள்ளினா காசு போகாம என்ன செய்யும்?

போன காசு எங்கே? கோவை பக்கம் வெள்ளலூர்ல புதையலா கிடைச்சது. கரூர்ல அமராவதி ஆத்து மணல்ல ஆயிரக்கணக்குல கிடைச்சது. அகஸ்டஸ், டைபீரியஸ்னு ரோம் ராஜாக்கள் முகம் போட்ட காசு! மேற்கே முசிறித் துறைமுகத்துல இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா கரூர் வர்ற பாதையிலதான் கொங்கு நாடே உட்கார்ந்திருக்கு. நாம போறது டூர் இல்லை பாஸ், அந்தக் காலத்து எக்ஸ்போர்ட் ரூட்!

இன்னொண்ணு. எகிப்துல செங்கடல் ஓரம் குசேர்-அல்-கதீம்னு ஒரு பழைய துறைமுகம். அங்கே கிடைச்ச பானை ஓட்டுல ‘கண்ணன்’, ‘சாதன்’னு தமிழ்-பிராமியில பேர் எழுதியிருக்கு. ஃபாரின் போனா பேரைக் கிறுக்கி வைக்கிற பழக்கம் புதுசு இல்லைபோல! (அவங்க எழுதினது அவங்க சொந்தப் பானையில. கோயில் சுவர்ல இல்லை. நோட் பண்ணுங்க!)

<b>பன்னெண்டு மணி வெயில்</b>

பசங்க போட்ட பிளான்படி அஞ்சரைக்குக் கிளம்பணும். பி.காம். எழுந்து வந்தது ஏழரைக்கு. வெள்ளகோவில்ல டிபன், சிவன்மலையில சாமி கும்பிட்டு அந்த உத்தரவுப் பெட்டியைப் பார்த்து (பக்தர் கனவுல முருகன் சொல்ற பொருளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி. இப்ப என்ன வச்சிருக்காங்கனு பார்க்கவே கூட்டம் வரும்), படியூர்ல ரெண்டு போட்டோ எடுத்து, கொடுமணல் போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

அங்கே என்ன இருக்கு? நேர்மையா சொல்லிடுறேன். கொலோசியம் மாதிரி எதுவும் இல்லை. காடு, வேலிமுள்ளு, பழைய ஈமக்காட்டுக் கற்கள். தோண்டின குழிகளைப் பாதுகாப்புக்காகத் திரும்ப மூடிடுவாங்க. நிழல்னு தேடினா கருவேலமரம்தான். ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் எங்களைப் பார்த்து, “ஏங் கண்ணு, இந்த வேகாத வெயில்ல இங்கெங்க வந்தீங்க?”னு கேட்டாரு.

“பழைய ஊரைப் பார்க்க வந்தோமுங்கய்யா.”

“அது மண்ணுக்குள்ளயல்லோ இருக்குது. நெழலுக்கு வாங்க மொதல்ல.”

அவர் சொல்லி வாய் மூடலை. மெக்கானிக்கல் நண்பர் பைக் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாரு. தலைவலி, குமட்டல், கால்ல நரம்பு இழுத்துக்குது. கறுப்பு டி-ஷர்ட். காலையில இருந்து குடிச்சது ஒரே ஒரு டீ. தண்ணி குடிச்சா அடிக்கடி வண்டியை நிறுத்தணுமேனு குடிக்கவே இல்லையாம்!

சிரிச்சுக்கிட்டு இருந்த கேங் சைலன்ட் ஆயிடுச்சு. டெக்ஸ்டைல் நண்பரோட தங்கச்சி நர்ஸிங் படிக்கிறாங்க. போன் போட்டோம். அந்தப் பக்கம் இருந்து கட்டளை கட்டளையா வந்துச்சு: “நிழல்ல படுக்க வைங்கண்ணா. காலைக் கொஞ்சம் உயர்த்துங்க. சட்டையைத் தளர்த்தி, துண்டை நனைச்சுக் கழுத்து, அக்குள்ல போட்டு விசிறுங்க. தண்ணியை மடக் மடக்குனு வேணாம், கொஞ்சம் கொஞ்சமா. நீங்க கேட்கிறதுக்கு ஒழுங்கா பதில் சொல்றாரானு பார்த்துக்கிட்டே இருங்க. உளறினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பா கொதிச்சாலோ ஒரு செகண்டு யோசிக்காம 108-க்கு அடிச்சிடுங்க.”

பெரியவர் தூக்குப்போசியில இருந்த மோரைக் கொடுத்தாரு. அரை மணி நேரத்துல மெக்கானிக்கல் எழுந்து உட்கார்ந்து, “ரோம் எப்படிடா இருந்துச்சு?”னு கேட்டப்பதான் எல்லாருக்கும் மூச்சே வந்துச்சு.

<b>நம்ம வெயில் ஒரு ஏமாத்துக்காரன்</b>

சென்னையில வெயில்னா சட்டை தொப்பலா நனையும். நம்ம தாராபுரம், காங்கயம் பக்கம் நனையாது. காத்து காய்ஞ்ச காத்து. வேர்வை வந்த வேகத்துல ஆவியாகிடும். அதனால ‘எனக்கு வேர்க்கவே இல்லை, நான் ஸ்ட்ராங்’னு தோணும். ஆனா உள்ளே தண்ணியும் உப்பும் காலியாகிட்டே இருக்கும். பைக்ல போனா முகத்துல அடிக்கிற காத்து இன்னும் வேகமா காய வைக்கும். தாகம் எடுத்தாத்தான் குடிப்பேன்னு இருந்தா லேட்.

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. 2003 கோடையில ஐரோப்பாவுல அனல் காத்துக்கு 70,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க. குளிருக்காகக் கட்டின பழைய நகரங்கள். வீட்டுக்குள்ள சூடு அடைஞ்சுக்கிட்டா வெளியே போக வழியில்லை. இத்தாலியில ஆர்க்கிமிடீஸ் பிறந்த சிராக்யூஸ் பக்கம் 2021 ஆகஸ்ட்ல 48.8 டிகிரி பதிவாச்சு. ஐரோப்பாவுக்கே அது ரெக்கார்டு. ஏதென்ஸ்ல அக்ரோபாலிஸை 2023-லயும் அதுக்கு அப்புறமும் மதிய நேரத்துல மூட வேண்டியதாச்சு. பாரிஸ்ல 2025 ஜூலையில ஈஃபிள் டவர் உச்சிக்கு யாரையும் விடலை. கொடுமணலோ, கொலோசியமோ, வெயில் பாஸ்போர்ட் கேட்கிறதில்லை.

ஆனா ரோம்கிட்ட கத்துக்க ஒண்ணு இருக்கு. தெருவுக்குத் தெரு ‘நாசோனி’னு இரும்புக் குழாய்த் தூண் வச்சிருக்காங்க. ‘பெரிய மூக்கு’னு அர்த்தம். வளைஞ்ச குழாய்ல குடிதண்ணி எப்பவும் ஓடும், காசு கிடையாது. டூரிஸ்ட் பாட்டிலை நிரப்பிக்கிட்டு நடையைக் கட்டுவாங்க. நம்ம ஊர்ல அதே வேலையைச் செய்யறது தண்ணீர்ப் பந்தலும் மோர்ப் பந்தலும். பானை மேல ஒரு டம்ளர், அதுக்கு மேல வேப்பமர நிழல். ஹைடெக்தான்! தமிழ்நாடு அரசும் 2024-ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர் லிஸ்ட்ல சேர்த்தாச்சு. ‘வெயில்தானே’னு தோளைக் குலுக்குற காலம் முடிஞ்சது.

<b>அந்த ஆறு</b>

நிழல்ல உட்கார்ந்திருந்தப்ப நொய்யலைப் பத்திப் பேச்சு வந்துச்சு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அதே கரையில உட்கார்ந்துதான் ரோமுக்கு மணி கோத்தாங்க. இன்னைக்கு அதே ஆத்தோரம் இருக்கிற திருப்பூர் ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் தைக்குது. இந்தியாவோட பின்னலாடை ஏற்றுமதியில பாதிக்கு மேல இங்கே இருந்துதான். கொலோசியம் முன்னாடி செல்ஃபி எடுக்கிறவன் போட்டிருக்கிற பனியன் நம்ம மாமனோ அத்தையோ செக்கிங் பார்த்த பீஸா இருக்கலாம்.

பெருமைதான். ஆனா டெக்ஸ்டைல் நண்பர் அதோட விடலை. “கொடுமணலுக்குப் பக்கத்துலயேதானே ஒரத்துப்பாளையம் டேம். விவசாயத்துக்குனு 1992-ல கட்டி முடிச்சாங்க. கடைசியில சாயத் தண்ணியில்ல தேங்குச்சு?” கழிவை வெளியே விடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டப்ப, அவர் ஸ்கூல் போற பையன். அப்பா வேலை இல்லாம வீட்ல உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்காம். ஆறும் வேணும், வேலையும் வேணும். அதுக்கப்புறம்தான் சாயத் தண்ணியைச் சுத்திகரிச்சுத் திரும்பப் பயன்படுத்துற வேலை இங்கே வேகம் பிடிச்சது. “நான் டெக்ஸ்டைல் எடுத்ததே அதுக்குத்தானுங்க”னு சொல்லிட்டு அவர் கல்லைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

கல்லுனதும் இன்னொண்ணு. கிளம்பும்போது ஹிஸ்டரி பார்ட்டி கால்ல ஒரு சின்ன பானை ஓடு தட்டுப்பட்டுச்சு. பி.காம். “பாக்கெட்ல போடுடா, ஸ்டேட்டஸ் போடலாம்”னாரு. ஹிஸ்டரி போட்டோ மட்டும் எடுத்துட்டு அதை அங்கேயே விட்டுட்டாரு. “அது எந்த இடத்துல கிடக்குதுங்கிறதுதான் அதோட அட்ரஸ். எடுத்துட்டா வெறும் ஓடு”னு சொன்னாரு. நச்!

<b>கிளம்புறதுக்கு முன்னாடி...</b>

* வெட்டவெளி இடம் முதல்ல, கூரை உள்ள இடம் அப்புறம். கொடுமணலை ஒன்பது மணிக்குள்ள முடிங்க. கோயில், அருங்காட்சியகம் எல்லாம் பின்னாடி.

* பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் எங்கேயாவது நிழல்ல சாப்பாடு, அரட்டை, குட்டித் தூக்கம்.

* வெளிர் நிறப் பருத்திச் சட்டை, முழுக்கை. பனியன் ஊர்க்காரனுக்குச் சொல்லணுமா? ஹெல்மெட்டுக்குள்ள ஈரக் கைக்குட்டை.

* ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டின அளவு. மோர், இளநீர், நுங்கு, கம்மங்கூழ் கிடைச்சா விடாதீங்க.

* யாராவது மயங்கிட்டா வாயில தண்ணி ஊத்தாதீங்க. உடம்பைக் குளிர வச்சுக்கிட்டே 108.

* ரெண்டாவது நாள் கரூர் போங்க. வேலாயுதம்பாளையம் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலையில சேர ராஜாக்கள் பேரும், ‘கருவூர் பொன் வாணிகன்’ ஒருத்தர் பேரும் பாறையில வெட்டியிருக்கு. பாறை சுடும். அதனால காலங்காத்தால!

மெக்கானிக்கல் நண்பர் இப்ப நல்லா இருக்காரு. அடுத்த டிரிப் கரூர்தானாம். அஞ்சரை மணி பிளான், பி.காம். வீட்டுக் கதவைத் தட்டுற பொறுப்பு அவருக்கே கொடுத்தாச்சு. ரெண்டு லிட்டர் பாட்டில்கூட வாங்கிட்டாரு.

நீங்க எப்ப கிளம்புறீங்க?