வலையில் சிக்காத வாழை

சமயபுரத்துப் பக்கம் ரஸ்தாளி போட்டிருக்கும் ஒரு விவசாயியை நினைத்துக்கொள்வோம். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்குகின்றன. கைபேசியில் ‘வாழை இலை மஞ்சளாகுது’ என்று தேடுகிறார்.

கொள்ளிடம், காவிரி இரண்டையும் தாண்டினால் தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, தொடங்கியது 1993-இல். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தமிழிலேயே வேளாண் இணையதளம் நடத்துகிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அரசுக் கோப்புகள் பலவும் தேடுபொறியின் கண்ணில் படாமலே போவது உண்டு. ஏன்?

தேடுபொறி நாம் கேட்ட பிறகு இணையத்தைத் துழாவுவதில்லை. ‘சிலந்தி’ எனப்படும் அதன் நிரல், ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போய், கண்ட சொற்களையெல்லாம் முன்கூட்டியே அட்டவணையில் ஏற்றிவைக்கிறது. ஆகவே பாதையில்லாத இடத்துக்கு அது போகாது. ‘மாவட்டத்தைத் தேர்ந்தெடு, பயிரைத் தேர்ந்தெடு’ என்று படிவம் கேட்கும் தரவுத்தளம், சிலந்திக்குப் பெரும்பாலும் பூட்டிய கதவுதான்.

இதற்கு வழி, தளவரைபடம்: தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிப் பட்டியல். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை கொடுக்கலாம். கூகுள் 2005-இல் கொண்டுவந்த இந்த முறையை, 2006-இல் யாகூவும் மைக்ரோசாஃப்ட்டும் ஏற்றன. 2007-இல் அரிசோனா, கலிபோர்னியா, யூட்டா, வர்ஜீனியா ஆகிய அமெரிக்க மாநிலங்கள் தங்கள் அரசுத் தகவல்களை இப்படித்தான் தேடலுக்குத் திறந்துவிட்டன.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘வாழை’ என்று தட்டினால் திரையில் வாழைதான் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ டி, எச், ஐ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டுவிடுகிறது எழுத்துரு. சிலந்திக்கு வேடம் தெரியாது, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கும் துணைக்குறிகளுக்கும் அவற்றுக்கே உரிய எண்கள் உண்டு. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளை மாற்றினால்தான் அவை தேடலில் அகப்படும்.

மூன்றாவது சிக்கல் சொல். இந்த வாடல் நோயை ஆய்வறிக்கை அதன் பூஞ்சையின் பெயரால் ‘ஃபியூசேரியம்’ என்று எழுதும். விவசாயி ‘மஞ்சளாகுது’ என்பார். தலைப்பிலும் முதல் பத்தியிலும் ‘வாழையில் இலை மஞ்சளாதல், வாடல் நோய்’ என்று சேர்த்தெழுதினால் இருவரும் ஒரே பக்கத்தில் சந்திப்பார்கள்.

நீங்களே சோதிக்கலாம். ஏதேனும் ஓர் அரசுத் தமிழ்க் கையேட்டின் பிடிஎஃப்பைத் திறந்து, ஒரு சொல்லை நகலெடுத்து, தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் பழைய எழுத்துரு. சொல்லைத் தெரிவு செய்யவே முடியாவிட்டால், அது வெறும் படம். அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் நுட்பம் உண்டு. ஆனால் மங்கலான நகலில் அதற்கும் ழகரம் தடுக்கும்.