கோப்புறை வேடம் போட்ட நிரல்

மாணவர்களே, உங்கள் வீட்டு மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி கிடக்கிறதா? இந்த வாரம் அதைத் தூசு தட்டுங்கள். இணையம் வேண்டாம். எக்ஸ்பிக்கு 2014-லும் விண்டோஸ் 7-க்கு 2020-லும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன.

திரையில் உள்ள ஒரு ஷார்ட்கட்டின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘சேஞ்ச் ஐகான்’ எனச் செல்லுங்கள். வேறு படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கால்குலேட்டருக்குக் குப்பைத்தொட்டி முகம்கூட வைக்கலாம். அது வழக்கம்போல் கணக்குப் போடும்.

சொந்தமாகவும் வரையலாம். பழைய ஐகானின் வழக்கமான அளவு 32-க்கு 32, அதாவது 1,024 கட்டங்கள். 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினிக்கு சூசன் கேர் இப்படித்தான் வரைபடத் தாளில் கட்டங்களை நிரப்பி ஐகான்களை உருவாக்கினார். கறுப்பு, வெள்ளை மட்டும் என்றால் கட்டத்துக்கு ஒரு பிட். முழுப் படமும் 128 பைட்டில் அடங்கிவிடும்!

ரெங்கத்தில் என் இரண்டாம் படிவ மாணவி ஒருவர் ‘அ’ வரைந்து, ‘கிம்ப்’ மென்பொருளில் ஐகான் கோப்பாகச் சேமித்தார். 32 கட்டத்தில் அழகாக இருந்தது. 16 கட்டத்துக்குச் சுருக்கியதும் மை கொட்டியதுபோல் ஆனது. வளைவே இல்லாத ‘ட’ தப்பித்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால் அந்த ‘ட’-வையும் காணோம். ஷார்ட்கட் படத்தை வைத்துக்கொள்வதில்லை, படம் இருக்கும் முகவரியை மட்டுமே வைத்திருக்கிறது. இவர் படத்தைச் சேமித்தது பென்டிரைவில். அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

ஷார்ட்கட் கதை இது. நிரல் கோப்பு தன் ஐகானைத் தனக்குள்ளேயே சுமக்கிறது. என்ன படம் என்பதை எழுதியவர்தான் முடிவு செய்கிறார். இதில்தான் ஆபத்து. 2005-இல் இந்தோனேசியாவில் கிளம்பிய ‘புரொன்டோக்’ என்ற கணினிப் புழு, மஞ்சள் கோப்புறையின் படத்தை மாட்டிக்கொண்டு மின்னஞ்சலிலும் பென்டிரைவிலும் பரவியது. கோப்புறை என்று நினைத்துச் சொடுக்கியவர் உண்மையில் நிரலை ஓடவிட்டார். விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரின் வாலை மறைத்துவிடுவது அதற்கு வசதியாகப் போயிற்று. அந்த வாலை வெளியே காட்டும் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ வசதியையும் அது மெனுவிலிருந்து நீக்கியது. கெட்டிக்காரத் திருடன்தான்!

உங்கள் கணினியில் அந்த வசதி ‘கன்ட்ரோல் பேனலில்’ இருக்கும். அதன் ‘வியூ’ பகுதியில் ‘ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று தொடங்கும் வரியின் குறியை எடுத்துவிடுங்கள். பிறகு பென்டிரைவைத் திறந்து பெயர்களைப் பாருங்கள். கோப்புறைக்கு ‘.இஎக்ஸ்இ’ என்ற வால் இருக்காது. அப்படி ஒன்று தென்பட்டால் சொடுக்காமல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.