டிரம் ஸ்மோக்கருக்கு எந்தப் பெயின்ட்? டப்பா விலையை விடுங்க, வருஷக் கணக்கைப் பாருங்க!

200 லிட்டர் இரும்பு டிரம், ரெண்டு கிரில், ஒரு மூடி, காத்துக்கு நாலு ஓட்டை. பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே பார்பெக்யூ ஸ்மோக்கர் ரெடி. கடையில வாங்கறதைவிட செலவு கம்மிதான். ஆனா அந்த மிச்சம் கையில நிக்குமான்னு முடிவு பண்றது, கடைசியா அடிக்கிற பெயின்ட். ஏன்னு பார்க்கலாம் வாங்க.

மூணு ஆப்ஷன்

1. சாதா எனாமல்: கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் போதும். ஸ்மோக்கர்ல இறைச்சி வேகற இடம் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ். கரி எரியற அடிப்பகுதித் தகடு அதைவிட ரொம்பச் சூடாகும். அங்கே எனாமல் கொப்புளிச்சு உரிஞ்சிடும்.

2. பவுடர் கோட்டிங்: பார்க்க அழகு. ஆனா சாதாரண பவுடரை சுமார் 200 டிகிரியிலதான் பேக் பண்றாங்க. கரி இருக்கிற பகுதிக்கு அது தாங்காது.

3. ஹீட் ரெசிஸ்டன்ட் பெயின்ட்: சிலிக்கான் ரெசின்ல செஞ்சது. சைலன்சருக்கும் புகைபோக்கிக்கும் அடிக்கிற வகை. 600 டிகிரி தாங்கறதே கிடைக்கும். "அலுமினியம் பெயின்ட்"னு மட்டும் கேட்காதீங்க, சாதா வகையும் அதே பேர்ல இருக்கு. டப்பாவுல எத்தனை டிகிரின்னு படிச்சு வாங்குங்க.

இப்போ கணக்கு

எடுத்துக்காட்டுக்கு இப்படி வச்சுக்கலாம். எனாமல் செலவு 700 ரூபாய், வருஷா வருஷம் அடிக்கணும். 3 வருஷத்துக்கு 2,100. ஹீட் ரெசிஸ்டன்ட் 1,800 ரூபாய், 3 வருஷம் நிக்குது. மிச்சம் 300 ரூபாய்தான். "இதுக்கா இவ்ளோ பில்டப்?"னு கேட்பீங்க.

விஷயம் பெயின்ட் செலவுல இல்ல, சொத்துல இருக்கு. ஸ்மோக்கர் செய்ய 5,000 ரூபாய் ஆச்சுன்னா, துருப்பிடிச்சு 2 வருஷத்துல ஓட்டை விழுந்தா வருஷத்துக்கு 2,500 செலவு. 5 வருஷம் உழைச்சா 1,000 மட்டும். கடலோர ஊர்ல உப்புக்காத்து வேற, துரு சீக்கிரமே ஏறும்.

இன்னொரு டிப்ஸ்: டிரம்மோட வெளிப்பரப்பு மொத்தமே சுமார் 2 சதுர மீட்டர்தான். ரெண்டு கோட்டுக்கு 1 லிட்டர் தாராளம். "ஆஃபர்"னு 4 லிட்டர் டப்பாவைத் தூக்கிட்டு வராதீங்க.

அடிக்கிற முறை

பெயின்ட் உழைக்கிறது பாதி தயாரிப்புலதான். துருவையும் பழைய பெயின்டையும் எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு எடுங்க. தின்னர் துணியால எண்ணெய்ப் பிசுக்கைத் துடைங்க. சாதா ரெட் ஆக்சைடு பிரைமர் வேண்டாம், அது சூட்டுல விட்டுப் போனா மேல் கோட்டும் சேர்ந்து உரியும். மெல்லிசா ரெண்டு கோட் போதும். காய்ஞ்சதும் சாப்பாடு வைக்காம, முதல்ல சின்ன தீ, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி சூடாக்கணும். சூடு ஏறினாத்தான் இந்தப் பெயின்ட் முழுசா இறுகும். நேரமும் டிகிரியும் டப்பாவுல இருக்கும்.

இங்கே மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க

- உள்பக்கம் பெயின்டே கூடாது. சமையல் எண்ணெய் தடவி சூடாக்கினா போதும், அது இறுகி துருவைத் தடுக்கும்.
- ஜி.ஐ. தகடு வேண்டாம். வெல்டிங்லயும் கடும் சூட்டுலயும் வர்ற துத்தநாகப் புகை காய்ச்சலை உண்டாக்கும்.
- கெமிக்கல் இருந்த டிரம் மலிவா கிடைச்சாலும் தொடாதீங்க. தின்னர், ஆயில் மாதிரி எரியற பொருள் இருந்த டிரம்மை வெட்டும்போது வெடிக்கக்கூடும். உணவுப்பொருள் வந்த டிரம்மையே தேடுங்க. உள்ளே கோட்டிங் இருந்தா, திறந்தவெளியில எரிச்சு, தேய்ச்சு எடுத்தப்புறம்தான் சமையல். ஆஸ்பத்திரி பில்லுக்கு எந்த டிஸ்கவுன்ட்டும் ஈடாகாது.

ஆக, ஃபார்முலா ஒண்ணுதான்: போட்ட காசு ÷ உழைக்கிற வருஷம். ஷூ, மிக்ஸி, பைக் டயர்னு எது வாங்கினாலும் இதே கணக்கைப் போடுங்க. உங்க கணக்குல எது ஜெயிச்சதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க!