வலி தெரியாத கால்

வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. ஒரு பௌர்ணமி இரவு கிரிவலம் முடித்து வீடு திரும்பினார். அவர் மிதித்த இடமெல்லாம் தரையில் இரத்தக் கறை. அதைப் பார்த்துச் சொன்னவர் அவருடைய மனைவி. குதிகாலில் ஒரு கல் சில்லு ஏறியிருந்தது. "வலியே இல்லை சார், ஒன்றும் இருக்காது" என்றார் பெரியவர். வலி இல்லை என்பதுதான் அங்கே நோய்!

நரம்பு ஏன் கெடுகிறது?

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. கால் விரல்கள் வரை செல்பவையே உடலில் மிக நீண்ட நரம்புகள். ஆதலால் கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் எரிச்சலோ, ஊசி குத்துவது போன்ற உணர்வோ தோன்றலாம். பிறகு கால் மரத்துப்போகும். சிலருக்கு எந்த அறிகுறியும் இன்றியே மரத்துவிடும்.

ஒரு சிறு கணக்கு

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். பாதம் தரையில் படும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்குவது 0.6 கிலோ. அடியில் 1 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள கல் இருந்து, எடையில் பத்தில் ஒரு பங்கு அதன்மேல் விழுந்தால்? அந்த இடத்தில் 6 கிலோ, அதாவது பத்து மடங்கு!

கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். ஓர் அடிக்கு 70 சென்டிமீட்டர் என்றால் 20,000 அடிகள். ஒவ்வொரு காலுக்கும் 10,000. நலமுள்ளவர் வலித்தவுடன் நம்மையறியாமலே நடையை மாற்றிக்கொள்வது போல மாற்றிக்கொள்வார். மரத்த கால் அதே இடத்தையே மறுபடியும் மறுபடியும் ஊன்றும்.

வேலூர் தந்த பாடம்

இந்த உண்மை தெளிவானது எங்கள் ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில். அதுவும் வேறொரு நோயின் வழியாக. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்பது அக்கால நம்பிக்கை. பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கவனித்தனர். உணர்ச்சியற்ற கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது. காயம்பட்ட கால் ஓய்வின்றி நடக்கிறது. புண் ஆழமாகிக் கிருமி புகுகிறது. விரல்களை அழித்தது பெரும்பாலும் வலியின்மையே என்று அவர்கள் காட்டினர்.

மருந்தோடு, எடையைப் பாதம் முழுவதும் பரப்பும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் சிகிச்சையில் இடம்பெற்றது. 1966-இல் அமெரிக்கா சென்ற பிராண்டு, இதே பாடம் நீரிழிவுக் கால்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துரைத்தார்.

என்ன செய்யலாம்?

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்க்கும் எளிய சோதனைதான் அது. உணர்ச்சி குறைந்திருந்தால் வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. செருப்பை உதறிவிட்டுப் போட வேண்டும். வெந்நீரில் காலை வைத்துச் சூடு பார்க்கலாகாது. கால் ஆணியைப் பிளேடால் சீவுவது ஆபத்து. இரவுதோறும் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். சிவப்பு, வீக்கம், சூடு, கொப்புளம், இவற்றில் எது தெரிந்தாலும், வலிக்காவிட்டாலும், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பெரியவரின் புண் ஆறப் பல வாரங்கள் ஆயின. இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் காலை நீட்டி உட்கார, பேத்தி விளக்கடியில் பாதத்தைப் பார்த்துச் சொல்கிறாள். நரம்பு விட்டுவிட்ட வேலையை இரண்டு கண்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன.