மேடையில் சொன்ன ஒரே வரி... ரேடியோவில் இருந்தே காணாமல் போன நம்பர் 1 பாட்டு! 'டிக்ஸி சிக்ஸ்' விவகாரத்தில் நடந்தது என்ன?

2003, மார்ச் 10. லண்டனில் உள்ள ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கம். மேடையில் அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்து வந்த இசைக்குழுவின் மூன்று பெண்கள். ஒரு பாட்டைத் தொடங்கும் முன், முன்னணிப் பாடகி நடாலி மெய்ன்ஸ் ரசிகர்களிடம் நாலு வார்த்தை பேசினார். இந்தப் போரும் வன்முறையும் எங்களுக்கு வேண்டாம், அமெரிக்க அதிபர் எங்கள் டெக்சாஸ்காரர் என்பதில் எங்களுக்கு வெட்கம் என்பதுதான் அவர் சொன்னது. அரங்கில் கைதட்டல். அடுத்து பாட்டு. அவ்வளவுதான்.

அடுத்த சில வாரங்களில் அமெரிக்காவில் அவர்களின் சிடிக்கள் டிராக்டர் ஏற்றி நசுக்கப்பட்டன. நாட்டிலேயே நம்பர் 1 இடத்தில் இருந்த அவர்களின் பாட்டு, ரேடியோவில் இருந்து சுத்தமாகக் காணாமல் போனது. நடாலிக்குக் கொலை மிரட்டல் வந்தது. அரசு எந்தத் தடையும் போடவில்லை. போலீஸ் வழக்கு இல்லை, கோர்ட் உத்தரவும் இல்லை. அப்புறம் எப்படி நடந்தது இது?

யார் இந்த 'டிக்ஸி சிக்ஸ்'?

1989ல் டெக்சாஸின் டல்லாஸ் நகரில் தொடங்கிய இசைக்குழு. வயலின் வாசிக்கும் மார்ட்டி மெக்குவையர், பாஞ்சோ வாசிக்கும் எமிலி ராபிசன் இருவரும் அக்கா தங்கை. 1995ல் நடாலி வந்து சேர்ந்த பிறகு குழுவின் தலையெழுத்தே மாறியது. 1998, 1999ல் வந்த இரண்டு ஆல்பங்களும் அமெரிக்காவில் மட்டும் தலா 1 கோடி பிரதிகளைத் தாண்டி விற்றன. 2002ல் வந்த 'ஹோம்' ஆல்பம் முதல் வாரத்திலேயே 7 லட்சத்து 80 ஆயிரம் பிரதிகள். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் மிகப்பெரிய விளையாட்டுத் திருவிழாவான சூப்பர் பௌலில் தேசிய கீதம் பாடியதும் இவர்கள்தான். லண்டன் கச்சேரிக்கு ஆறு வாரம் முன்புதான் இது. தேசபக்திக்கு அடையாளமாக மேடை ஏற்றப்பட்டவர்கள், ஆறே வாரத்தில் 'தேசத்துரோகி' ஆனார்கள்.

இவர்கள் பாடுவது 'கன்ட்ரி' இசை. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் வேரோடிய இசை அது. குடும்பம், சர்ச், பண்ணை, ராணுவத்துக்குப் போன மகன் என்று அந்த மக்களின் வாழ்க்கைதான் பாட்டு. அவர்களில் பெரும்பாலானோர் அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் ஆதரவாளர்கள். புஷ் டெக்சாஸ் ஆளுநராக இருந்துவிட்டு அதிபரானவர். (பிறந்தது என்னவோ கனெக்டிகட் மாநிலத்தில். ஆனால் அவரை டெக்சாஸ்காரராகத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.)

ஃபேஸ்புக் இல்லை, ட்விட்டர் இல்லை... எப்படிப் பரவியது?

இன்றைக்கு என்றால் கச்சேரி முடிவதற்குள் வீடியோ வைரலாகி இருக்கும். 2003ல் ஃபேஸ்புக், யூடியூப், ட்விட்டர் எதுவுமே பிறக்கவில்லை. நடாலி பேசியது முதலில் வெளியே வந்தது லண்டனின் 'கார்டியன்' நாளிதழில் வந்த கச்சேரி விமர்சனம் மூலமாக. அதுவும் விமர்சனத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி. அந்த வரியை அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் எடுத்தன. வலதுசாரி இணையதளங்களும் ரேடியோ தொகுப்பாளர்களும் கையில் எடுத்தபோது விஷயம் பற்றிக்கொண்டது.

நேரமும் அப்படி. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அரசு சொன்னதை மக்கள் நம்பினார்கள். மார்ச் 20ல் போர் தொடங்கியபோது, கருத்துக்கணிப்புகளில் பத்தில் ஏழு அமெரிக்கர்கள் போரை ஆதரித்தார்கள். அதிலும் நடாலி இதைப் பேசியது வெளிநாட்டு மண்ணில். "நம்ம வீட்டு விஷயத்தை அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசலாமா?" என்ற கோபம்தான் அதிகம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நடாலி அந்த வார்த்தைகளைச் சொன்னது 'டிராவலிங் சோல்ஜர்' பாட்டைப் பாடுவதற்கு முன்னால். வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பாத ஒரு இளம் சிப்பாய்க்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை அது. அந்தப் பாட்டுதான் அப்போது பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் நம்பர் 1. ராணுவக் குடும்பங்கள் கண்ணீரோடு கேட்ட பாட்டு.

மன்னிப்பும் கேட்டார், ஆனால்...

மார்ச் 14ஆம் தேதி நடாலி மன்னிப்பு கேட்டு அறிக்கை விட்டார். அதிபர் பதவியில் யார் இருந்தாலும் மரியாதை கொடுக்க வேண்டும், என் பேச்சு மரியாதைக் குறைவாக இருந்தது என்றார். போர் பற்றிய கருத்தை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு அம்மாவாக, போரைத் தவிர்க்க எல்லா வழியையும் பார்த்த பிறகே உயிர்களைப் பணயம் வைக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம் என்றார்.

எடுபடவில்லை. அந்த வார இறுதியிலேயே லூசியானா மாநிலத்தின் போசியர் சிட்டியில் ஒரு ரேடியோ நிலையம் கூட்டம் கூட்டியது. மக்கள் கொண்டுவந்து கொட்டிய டிக்ஸி சிக்ஸ் சிடிக்கள் மீது ஒரு பெரிய டிராக்டர் ஏறி இறங்கியது. கான்சஸ் சிட்டியில் இன்னொரு ரேடியோ நிலையம், "சிடிக்களை இங்கே போடுங்கள்" என்று வாசலில் குப்பைத்தொட்டியே வைத்தது. தெற்கு கரோலினா சட்டமன்றமோ, இவர்கள் மன்னிப்பு கேட்டு, ராணுவத்தினருக்கு இலவசக் கச்சேரி நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது!

'டிராவலிங் சோல்ஜர்' என்ன ஆனது? அடுத்த பட்டியலில் 3ஆம் இடம். அதற்கடுத்த பட்டியலில் பெயரே இல்லை. ஒரே வாரத்தில் ரசிகர்கள் எல்லோரும் வெறுத்துவிட்டார்களா என்றால், அப்படி இல்லை. அப்போது அந்தப் பட்டியல் சிடி விற்பனையை வைத்துப் போடப்பட்டது கிடையாது. எந்தப் பாட்டு ரேடியோவில் எத்தனை முறை ஒலிக்கிறது என்பதுதான் கணக்கு. ரேடியோ சுவிட்சை அணைத்தால் பட்டியலில் இருந்தும் பாட்டு போய்விடும். 'ஹோம்' ஆல்பம் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தது.

ரேடியோவுக்கு இவ்வளவு பவர் எங்கிருந்து வந்தது?

இந்த விவகாரத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. 1996க்கு முன்பு வரை அமெரிக்காவில் ஒரு கம்பெனி நாடு முழுவதும் அதிகபட்சம் 40 ரேடியோ நிலையங்கள்தான் வைத்திருக்க முடியும். 1996ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அந்த உச்சவரம்பை நீக்கியது. சின்னச் சின்ன நிலையங்களைப் பெரிய கம்பெனிகள் வாங்கிக் குவித்தன. சில ஆண்டுகளில் 'கிளியர் சேனல்' என்ற ஒரே நிறுவனத்திடம் சுமார் 1,200 நிலையங்கள். அதற்கு அடுத்த வரிசையில் இருந்தது 'கியூமுலஸ்'.

இந்த கியூமுலஸ்தான், தன்னிடம் இருந்த 40க்கும் மேற்பட்ட கன்ட்ரி நிலையங்களில் ஒரு மாதத்துக்கு டிக்ஸி சிக்ஸ் பாட்டே வரக்கூடாது என்று மொத்தமாக நிறுத்தியது. கொலராடோவில் வேறொரு நிலையத்தில், தடையை மீறி அவர்களின் பாட்டைத் தொடர்ந்து போட்ட இரண்டு தொகுப்பாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

2003 ஜூலையில் விஷயம் அமெரிக்க செனட் குழு வரை போனது. தலைமை தாங்கியவர் ஜான் மெக்கெய்ன். புஷ்ஷின் அதே குடியரசுக் கட்சிக்காரர், ஈராக் போரின் தீவிர ஆதரவாளர், வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தவர். அவரே கியூமுலஸ் தலைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். ஒரு ஊர் நிலையம், எங்கள் ஊரில் இந்தப் பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்தால் அது அந்த ஊரின் விருப்பம். அரசியல் கருத்துக்காகத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லா ஊருக்கும் சேர்த்து ஒருவரை நிறுத்தினால், ஊடகம் சிலர் கையில் குவிவதன் ஆபத்து அதுதான் என்பது அவர் வாதம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிளியர் சேனல்தான் இதன் பின்னணியில் இருந்த வில்லன் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். ஆனால் சமூகவியல் ஆய்வாளர் கேப்ரியல் ராஸ்மன், நிலையங்கள் எத்தனை முறை பாட்டைப் போட்டன என்ற தரவுகளை ஆராய்ந்தபோது படம் வேறு மாதிரி இருந்தது. எதிர்ப்பு முதலாளிகளிடம் இருந்து கீழே இறங்கவில்லை, கேட்பவர்களிடம் இருந்துதான் மேலே போனது என்பது அவர் முடிவு. அரசியல்ரீதியாக வலதுசாரிச் சாய்வு இருந்த இடங்களில் பாட்டு அதிகம் நின்றது.

யோசித்துப் பார்த்தால் ரேடியோக்காரரின் கணக்கு ரொம்ப எளிது. பாட்டைப் போட்டால் நூறு பேர் போன் செய்து திட்டுவார்கள், விளம்பரதாரர் முகம் சுளிப்பார். போடாவிட்டால்? யாரும் போன் செய்ய மாட்டார்கள். வேறு பாட்டு ஓடும். இந்தக் கணக்கை ஒரு நிலையம் போட்டால் பாடகருக்கு ஒன்றும் ஆகாது. நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே நேரத்தில் போட்டதுதான் இங்கே நடந்தது.

அப்போ கருத்து சுதந்திரம்?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறது. ஆனால் யாரிடமிருந்து? அரசிடமிருந்து மட்டும்தான். தனியார் ரேடியோவையோ, சிடி வாங்காத ரசிகரையோ அது கட்டுப்படுத்தாது. புஷ்ஷும் இதைத்தான் சொன்னார். ஏப்ரல் 24ஆம் தேதி டிவி பேட்டியில், அவர்கள் மனதில் பட்டதைப் பேசலாம், அதற்காகச் சிலர் ஆல்பம் வாங்காவிட்டால் வருத்தப்படக் கூடாது என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தவறு இல்லை.

அரசே தண்டிக்கும்போது காட்சி வேறு. 1968 ஜனவரியில் வெள்ளை மாளிகை விருந்து ஒன்றில், பாடகி எர்த்தா கிட் அதிபர் ஜான்சனின் மனைவியிடமே வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். அதன் பிறகு அமெரிக்காவில் அவருக்கு வாய்ப்புகள் வற்றின. பல ஆண்டுகள் ஐரோப்பாவில்தான் பிழைப்பு. அவரைப் பற்றி சிஐஏ ரகசியக் கோப்பு வைத்திருந்தது 1975ல் அம்பலமானது. ரஷ்யாவில் ராக் பாடகர் யூரி ஷெவ்சுக், 2022ல் உஃபா நகரக் கச்சேரியில் உக்ரைன் போரை விமர்சித்ததற்காக நீதிமன்றம் 50,000 ரூபிள் அபராதம் விதித்தது.

டிக்ஸி சிக்ஸ் விஷயத்தில் எதிராளி யார் என்று விரல் நீட்டவே முடியாது. அப்பீல் செய்ய ஒரு கோர்ட் கூடக் கிடையாது.

மிரட்டலும் மேடையும்

2003 மே 1ஆம் தேதி, விமானம் தாங்கிக் கப்பலில் நின்று ஈராக்கில் பெரிய சண்டைகள் முடிந்துவிட்டதாக புஷ் அறிவித்தார். அதே நாளில், தெற்கு கரோலினாவின் கிரீன்வில் நகரில் டிக்ஸி சிக்ஸ் தங்கள் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார்கள். தீர்மானம் போட்ட அதே மாநிலம்! கூச்சல் போட நினைப்பவர்கள் இப்போது போட்டுக்கொள்ளுங்கள் என்று நடாலி மேடையில் 15 விநாடி அவகாசம் கொடுத்தார். கேட்டது பெரும்பாலும் ஆரவாரம்தான்.

எல்லா ஊரும் அப்படி இல்லை. ஜூலை 6ஆம் தேதி சொந்த ஊரான டல்லாஸ் கச்சேரியில் நடாலியைச் சுடுவோம் என்று தேதி குறித்தே மிரட்டல் வந்தது. பலத்த பாதுகாப்போடு அன்றைக்கும் அவர் பாடினார். இந்த நாட்களை எல்லாம் 2006ல் வந்த 'ஷட் அப் அண்ட் சிங்' ஆவணப்படத்தில் பார்க்கலாம். அந்தப் படத்தின் விளம்பரத்தைக் கூட ஒளிபரப்ப முடியாது என்று என்பிசி டிவி மறுத்தது தனிக்கதை.

சக கலைஞர்கள் என்ன செய்தார்கள்? கன்ட்ரி பாடகர் டோபி கீத், நடாலியையும் சதாம் உசேனையும் ஒட்டிச் சேர்த்த படத்தைத் தன் கச்சேரித் திரையில் போட்டார். மடோனா தன் போர் எதிர்ப்பு வீடியோவை வெளியிடாமலேயே திரும்பப் பெற்றார். ஆதரவாகப் பேசியவர்களில் ஒருவர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். யாரும் எதிர்பார்க்காத இன்னொருவர் மெர்ல் ஹாகர்ட். வியட்நாம் காலத்தில் போர் எதிர்ப்பாளர்களைச் சாடிப் பாடிய மூத்த கன்ட்ரி பாடகர் அவர்.

திரும்பி வந்தார்களா?

ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே 2004ல் அறிக்கை கொடுத்துவிட்டது. 2006ல் நடாலி, புஷ்ஷிடம் கேட்ட அந்த மன்னிப்பைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அதே ஆண்டு புதிய ஆல்பம் வந்தது. சமாதானம் ஆகிற மனநிலையில் நாங்கள் இல்லை என்று நேரடியாகச் சொல்லும் பாட்டும் அதில் உண்டு. கன்ட்ரி ரேடியோ அந்தப் பாட்டை ஏறக்குறைய ஒதுக்கியது, கன்ட்ரி பட்டியலில் 36ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால் ஆல்பம் முதல் வாரத்தில் 5 லட்சத்து 26 ஆயிரம் விற்று நம்பர் 1 ஆனது. 2007 பிப்ரவரியில் கிராமி விழா. பரிந்துரைக்கப்பட்ட ஐந்து விருதுகளையும் அள்ளினார்கள்.

வெற்றிக் கதை போலத் தெரிகிறதா? 2006 சுற்றுப்பயணத்தில் டிக்கெட் விற்காமல் பல அமெரிக்க ஊர்க் கச்சேரிகள் ரத்தானதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராமிக்குப் பிறகு அடுத்த ஆல்பம் வர 2020 ஆகிவிட்டது. அடிமை முறை காலத் தெற்கு மாநிலங்களை நினைவூட்டும் 'டிக்ஸி' என்ற சொல்லையும் அந்த ஆண்டு விட்டுவிட்டு, வெறும் 'தி சிக்ஸ்' ஆனார்கள்.

இதற்கிடையே கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் இவர்கள் பெயரே ஒரு வினைச்சொல் ஆகியிருந்தது. வாயைத் திறந்து வாய்ப்பை இழந்த பாடகரை 'டிக்ஸி சிக்ஸ் ஆக்கிவிட்டார்கள்' என்பார்கள். அங்கே பதின்ம வயதில் பாட வந்த ஒரு பெண்ணுக்கும் இந்தப் பாடம் சொல்லப்பட்டது. அவர் டெய்லர் ஸ்விஃப்ட். டிக்ஸி சிக்ஸ் மாதிரி ஆகிவிடாதே என்று இசை நிறுவனத்தினர் தன்னை எச்சரித்ததை 2020ல் வந்த 'மிஸ் அமெரிக்கானா' ஆவணப்படத்தில் அவரே சொல்கிறார். அவர் முதன்முதலாக வெளிப்படையாக அரசியல் பேசியது 2018 அக்டோபரில். மறு ஆண்டு வந்த 'லவ்வர்' ஆல்பத்தில், அம்மாவின் புற்றுநோய் பற்றி எழுதிய பாட்டை அவர் தனியாகப் பாடவில்லை. கூடப் பாடியவர்கள் நடாலி, மார்ட்டி, எமிலி.