மூன்று நாள், 3.3 கிலோ

1987 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் மான்ட்டரேயிலிருந்து எட் கில்லெட் தனியாகத் துடுப்புப் போடத் தொடங்கினார். கடையில் விற்கும் சாதாரண இருவர் கயாக்தான். நீளம் 20 அடி. உள்ளே உணவு, நீர், சாமான் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 270 கிலோ. 60ஆம் நாள் உணவு தீர்ந்துவிட்டது. பற்பசையைத் தின்றார். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில் கரையேறியது 63ஆம் நாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளெல்லாம் துடுப்புப் போடுபவருக்கு 5,000 கலோரி வேண்டும் என்று கொள்வோம். உலர் உணவும் கொழுப்பும் கலந்தால் கிராமுக்குச் சராசரி 4.5 கலோரி, நாளுக்கு 1.1 கிலோ. மூன்று நாளுக்கு 3.3 கிலோ. 270 கிலோ சுமந்த படகில் இல்லாமல் போனது அவ்வளவுதான். திட்டமிடுபவர்கள் எடையைக் கிராம் கிராமாக நிறுக்கிறார்கள். தவறுவது நாள் கணக்கில். சிரில் டெரூமோ 2022இல் அதே மான்ட்டரேயிலிருந்து ஹவாய்க்கு 70 நாள் என்று மதிப்பிட்டார். ஆனது 91.

நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவது? போலந்துக்காரர் அலெக்சாண்டர் டோபா 2010-11இல் செனகலிலிருந்து பிரேசிலுக்கு 5,394 கி.மீ. கடந்தார், 99 நாளில். நாளுக்கு 54.5. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் காஸ்ட்ரிஷனும் ஜஸ்டின் ஜோன்ஸும் 2007 நவம்பர் 13 அன்று கிளம்பி, நியூசிலாந்து நோக்கி டாஸ்மன் கடலில் 62 நாளில் 3,318 கி.மீ. போனார்கள். 53.5. ஒருவர் போனாலும் இருவர் போனாலும் எண் அங்கேயே நிற்கிறது. ஆனால் அந்த இருவர் கடக்க வேண்டியிருந்த நேர்த்தொலைவு ஏறத்தாழ 2,200 கி.மீ. மட்டுமே. நடுக்கடலில் சுழலும் நீரோட்டம் அவர்களைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி இழுத்தது. அதே வேகத்தில் நேராகப் போயிருந்தால் 41 நாள். மிச்சம் 21 நாள். இரண்டு பேருக்கு 42 ஆள்நாள். மேற்படி விகிதத்தில் 46 கிலோ உணவு. அந்த 46 கிலோவைப் புறப்படும்போதே ஏற்றிக்கொள்ள வேண்டும். வழியில் கடையில்லை. என் கணக்கில், மதிப்பிட்ட நாள் எத்தனையோ அதில் பாதியைக் கூடச் சேர்த்தே கொள்முதல் செய்ய வேண்டும்.

நீருக்கு இந்தப் பெருக்கல் சரிவராது. நாளுக்கு 5 லிட்டர், 60 நாள் என்றால் 300 கிலோ, படகே அமிழ்ந்துவிடும். கில்லெட் கொண்டுபோனது ஏறத்தாழ 95 லிட்டர். 63 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஒன்றரை லிட்டர்தான். மற்றதைக் கடல்நீரைக் குடிநீராக்கும் கைப்பம்புதான் தர வேண்டும். இன்று கிடைப்பவற்றில் 3.2 கிலோ பம்பு மணிக்கு 4.5 லிட்டர் தருகிறது. 1.13 கிலோ எடையுள்ள சிறியதும் உண்டு. அது மணிக்கு 0.9 லிட்டர். இரண்டு கிலோ மிச்சம் பிடிக்கிறோம் என்று சிறியதை மட்டும் வாங்கினால், 5 லிட்டருக்குத் தினமும் ஐந்தரை மணி நேரம் பம்பு அடிக்க வேண்டும். துடுப்புப் போட்டு ஓய்ந்த கை அதைத் தாங்காது. பெரியது ஒன்று, மாற்றாகச் சிறியது ஒன்று.

தூங்கும் இடத்திலும் எடையைக் குறைக்கக் கூடாது. ஆண்ட்ரூ மெக்காலி 2007 ஜனவரி 11 அன்று டாஸ்மேனியாவிலிருந்து நியூசிலாந்து நோக்கிப் போனார். அறை இல்லாத படகு. இரவில் இருக்கைக் குழிக்குள்ளேயே நுழைந்து படுத்து, மேலே கண்ணாடியிழை மூடி போட்டுக்கொள்வார். பிப்ரவரி 9 அன்று, சுமார் 1,600 கி.மீ. கடந்த பிறகு, அவசர அழைப்பு வந்தது. மறுநாள் படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. கரைக்கு ஓரிரு நாள் தொலைவே பாக்கி. அதே ஆண்டு இறுதியில் அதே கடலில் இறங்கிய அந்த இருவரின் படகில் படுக்க மூடிய அறை இருந்தது. அறை எடைதான், காற்றையும் பிடிக்கும். அதைச் செலவு என்று நான் எழுத மாட்டேன்.

படகும் பம்பும் ஒரு முறைச் செலவு. கரைச்செலவு நாள்தோறும் ஓடும்: வானிலை பார்ப்பவர், சாட்டிலைட் போன் கட்டணம், அழைப்புக்குக் காத்திருக்கும் ஆள். டோபாவின் 2013-14 பயணத்தில் போன் 47 நாள் ஊமையாகக் கிடந்தது. ஆகவே இரண்டாவது கருவி ஒன்றும், பாதி நாள் கூட்டிய காலம் முழுவதற்கும் முன்பணமும் வேண்டும். டெரூமோவின் 91 நாளுக்கு 2,184 மணி நேரம். அத்தனை மணியும் ஒருவர் விழித்திருக்க முடியாது. 8 மணி வீதம் மூன்று பேர், மூவருக்கும் சம்பளம்.